ஏழை நாடுகள் எட்டிப் பிடிக்கின்றனவா? நீங்களே கணக்குப் போட்டுப் பார்ப்பது எப்படி

சேலத்தில் குரூப் 1, குரூப் 2 தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளிடம் பொருளாதாரம் பேசினால் இந்தக் கேள்வி வந்தே தீரும்: ஏழை நாடுகள் பணக்கார நாடுகளை நெருங்குகின்றனவா, இல்லை இடைவெளி கூடிக்கொண்டே போகிறதா? யூடியூபில் ஒருவர் இன்னும் கொஞ்ச காலத்தில் எட்டிவிடுவோம் என்கிறார், இன்னொருவர் இருப்பவனுக்கே சேர்கிறது என்கிறார், இரண்டு பேர் கையிலும் ஒரு வரைபடம் இருக்கிறது. இரண்டு வரைபடங்களும் சரியான எண்களில் போட்டவையாகவே இருக்கலாம். எந்த இடைவெளி, எந்த நாடுகள், எந்த வருடத்திலிருந்து என்ற மூன்றையும் மாற்றினால் விடையும் மாறிவிடும். அதனால் யாரோ சொன்னதை மனப்பாடம் செய்யாதீர்கள். கூகுள் ஷீட் திறக்கத் தெரிந்தால் போதும், ஒரு சாயங்காலத்தில் நீங்களே போட்டுப் பார்த்துவிடலாம்.

எந்த இடைவெளி?

இதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேதான் நடக்கிறது. செவ்வாய்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே தெருவிலிருந்து பெங்களூருக்கு ஐ.டி. வேலைக்குப் போன பையனுக்கு 1,00,000. பட்டறைக் கூலி வருடத்துக்கு 8 சதவீதம் ஏறுகிறது, ஐ.டி. சம்பளம் 3 சதவீதம். ஒரு வருடம் கழித்து 16,200 எதிர் 1,03,000. முன்பு 6.7 மடங்கு வித்தியாசம், இப்போது 6.4 மடங்கு, ஆக நெருங்கிவிட்டார். ஆனால் ரூபாயில் பார்த்தால் இடைவெளி 85,000 ஆக இருந்தது 86,800 ஆகிவிட்டது, ஆக விலகிவிட்டார். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. இதே வேகத்தில் போனால் சுமார் 19 வருடம் வரைக்கும் ரூபாய் இடைவெளி விரிந்துகொண்டேதான் இருக்கும், அதன் பிறகுதான் சுருங்க ஆரம்பிக்கும், இரண்டு சம்பளமும் ஒன்றாக 40 வருடம் ஆகும்.

நாடுகளுக்கும் இதே கணக்குதான். பொருளாதார நிபுணர்கள் பெரும்பாலும் மடங்கைத்தான் பார்ப்பார்கள், நீங்களும் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எதை எடுத்தீர்கள் என்று விடையின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.

எட்டிப் பிடிக்க எத்தனை வருடம் என்று பார்க்க ஒரு சின்ன வழி இருக்கிறது. எத்தனை மடங்கு வித்தியாசமோ அதற்கு இயல் மடக்கை (நேச்சுரல் லாக்) எடுத்து, இரண்டு வளர்ச்சி வேகங்களின் வித்தியாசத்தால் வகுத்தால் முடிந்தது. வாங்கும் திறன் கணக்கில், அதாவது இரண்டு நாட்டு விலைவாசி வித்தியாசத்தையும் சரிக்கட்டிப் பார்த்தால், அமெரிக்கரின் சராசரி வருமானம் இந்தியரின் வருமானத்தைப் போல சுமார் 8 மடங்கு. நம் தனிநபர் வருமானம் வருடத்துக்கு 5 சதவீதமும் அவர்களுடையது 1.5 சதவீதமும் வளர்ந்தால் சுமார் 60 வருடம். நம் வேகம் 3 சதவீதமாகக் குறைந்தால் 140 வருடம். வேகத்தில் 2 சதவீதம் போனால் மூன்று தலைமுறை போய்விடுகிறது. இந்த ஒரு கணக்கைக் கையால் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

தரவு எடுப்பது

உலக வங்கியின் தரவுத் தளத்துக்குப் போய் 'ஜிடிபி பெர் கேப்பிட்டா, பிபிபி' (வாங்கும் திறன் கணக்கில் தனிநபர் வருமானம்) என்று தேடுங்கள். அதில் 'கான்ஸ்டன்ட்' என்று ஆரம்பிக்கும் இன்டர்நேஷனல் டாலர் வரிசையை எடுங்கள், 'கரன்ட்' வேண்டாம், அதில் விலைவாசி உயர்வும் கலந்திருக்கும். எதற்கு வாங்கும் திறன் என்றால், சேலத்தில் முடிவெட்டவும் ஆட்டோவில் போகவும் ஒரு வேளை வெளியே சாப்பிடவும் ஆகும் காசை டாலராக மாற்றி நியூயார்க்கில் செலவு செய்யப் பார்த்தால் பாதிகூட வாங்க முடியாது. வெறும் நாணய மாற்று விகிதத்தில் கணக்குப் போட்டால் இந்தியா அமெரிக்க இடைவெளி 30 மடங்குக்கு மேல் போகும், வாங்கும் திறனில் 8 மடங்குதான்.

இந்த வரிசை 1990 இலிருந்துதான் கிடைக்கும். அதற்கு முன்னால் போக வேண்டுமென்றால் அதே தளத்தில் நிலையான அமெரிக்க டாலர் வரிசை 1960 இலிருந்து இருக்கிறது, இன்னும் பின்னால் போக, பழைய காலத்து வருமானங்களை மதிப்பிட்டுத் தொகுத்திருக்கும் மேடிசன் திட்டத்தின் தரவு இருக்கிறது, அதுவும் இலவசம்தான்.

எக்செல் கோப்பாக இறக்கித் திறந்தவுடன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேலே மூன்று வரிகள் தலைப்புக்கும் காலியாகவும் போய்விடும், நாலாவது வரியில்தான் வருடங்கள் ஆரம்பிக்கும். அப்புறம் நாடுகளுக்கு நடுவே 'உலகம்', 'அரபு உலகம்', 'யூரோ பகுதி', 'குறைந்த வருமான நாடுகள்' என்று கூட்டுத்தொகை வரிகளும் அகரவரிசையில் ஒளிந்திருக்கும். அவற்றை நீக்காமல் கணக்குப் போட்டால் இந்தியா தனியாக ஒரு முறை, தெற்காசியாவுக்குள் ஒரு முறை, உலகத்துக்குள் ஒரு முறை என்று திரும்பத் திரும்ப எண்ணப்படும். அதே கோப்பில் நாடுகளைப் பற்றிய விவரப் பக்கம் ஒன்று இருக்கும், அதில் 'ரீஜன்' என்ற இடம் காலியாக உள்ளவை எல்லாம் கூட்டுத்தொகைகள். அவற்றைத் தூக்கிவிடுங்கள்.

நாடுகளைப் பொறுக்கி எடுக்காதீர்கள்

இதில் பெரிய பெரிய ஆட்களே தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 1986 இல் பொருளாதார நிபுணர் வில்லியம் பாமல் 16 நாடுகளை எடுத்து 1870 முதல் 1979 வரை பார்த்தார். ஆரம்பத்தில் ஏழையாக இருந்தவை வேகமாக வளர்ந்திருந்தன, இடைவெளி அழகாகச் சுருங்கியிருந்தது. இரண்டு வருடம் கழித்து இன்னொரு நிபுணர் பிராட்ஃபோர்ட் டிலாங் கேட்டது எளிய கேள்வி: அந்த 16 நாடுகளும் எப்படி பட்டியலுக்குள் வந்தன? எல்லாம் இன்று பணக்கார நாடுகள், அதனால்தான் அவற்றுக்கு நீண்ட காலத் தரவு இருந்தது. ஜெயித்தவர்களை மட்டும் கூப்பிட்டு நிறுத்தி எல்லோரும் ஜெயித்தார்கள் என்றால் எப்படி? 1870 இல் வசதியாக இருந்த அர்ஜென்டினா, சிலி, ஸ்பெயின், போர்ச்சுகல் போன்றவற்றையும் சேர்த்தபோது அந்த நெருக்கம் காணாமல் போய்விட்டது.

உலக வங்கியின் வருமானக் குழுக்களை வைத்துக் கணக்குப் போடுவதிலும் இதே தவறுதான், தலைகீழாக. ஒவ்வொரு வருடமும் ஜூலை 1 அன்று குழுக்களைத் திருத்துவார்கள், வளர்ந்த நாடு மேல் குழுவுக்குப் போய்விடும். இந்தியாவே ஒரு காலத்தில் குறைந்த வருமானக் குழுவில் இருந்து மேலே போன நாடுதான். இன்றைய குறைந்த வருமானப் பட்டியலை எடுத்து 'பாருங்கள், 30 வருடமாக வளரவே இல்லை' என்று ஒருவர் காட்டினால், வளர்ந்தவர்களை எல்லாம் வெளியே அனுப்பிவிட்டு மிச்சமிருப்பவர்களைக் காட்டுகிறார் என்று அர்த்தம்.

ஆகவே ஆரம்ப வருடத்தில் தரவு உள்ள எல்லா நாடுகளையும் எடுங்கள். எண்ணெய் நாடுகளையும், ரொம்பச் சின்ன தீவுகளையும் விலக்க வேண்டுமென்றால் விலக்கலாம், ஆனால் கணக்குப் போடுவதற்கு முன்னாலேயே அந்த விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விடையைப் பார்த்த பிறகு விலக்கக்கூடாது.

ஷீட்டில் போடுவது

முதல் பத்தியில் நாடு, இரண்டாவதில் 1990 வருமானம், மூன்றாவதில் 2019 வருமானம் (கொரோனா வருடங்களை முதல் தடவை தவிர்ப்பது நல்லது, அப்புறம் கடைசி வருடம் வரை நீட்டித்துப் பாருங்கள்). நாலாவது பத்தியில் 1990 வருமானத்தின் இயல் மடக்கை, அதற்கு ஷீட்டில் 'எல்என்' சூத்திரம் இருக்கிறது. ஐந்தாவதில் 2019 மடக்கையிலிருந்து 1990 மடக்கையைக் கழித்து 29 ஆல் வகுங்கள், அதுதான் சராசரி வருட வளர்ச்சி. இப்போது ஐந்தாவது பத்தியை நாலாவதுக்கு எதிரே வைத்து 'ஸ்லோப்' (சாய்வு) சூத்திரம் போடுங்கள். விடை எதிர்க்குறியில் வந்தால் ஏழையாக ஆரம்பித்தவை வேகமாக வளர்ந்திருக்கின்றன. நேர்க்குறி என்றால் பணக்கார நாடுகள்தான் வேகமாகப் போயிருக்கின்றன. பூஜ்ஜியத்தை ஒட்டி வந்தால் ஆரம்ப நிலைக்கும் வளர்ச்சிக்கும் பெரிய தொடர்பு இல்லை.

புள்ளி வரைபடமும் போட்டே ஆக வேண்டும். சூத்திரம் ஒரே ஒரு எண்ணைத் தரும், புள்ளிகள்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும். இடது ஓரத்தில், அதாவது ஏழையாக ஆரம்பித்த பக்கத்தில், புள்ளிகள் மேலும் கீழுமாக எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்று கவனியுங்கள். சீனா உச்சியில் நிற்கும், போரில் சிக்கிய நாடுகள் கோட்டுக்குக் கீழே கிடக்கும். ஏழை நாடுகளுக்கு வளர வாய்ப்பு அதிகம் என்பது ஒன்று, அந்த வாய்ப்பு கைக்கு வருவது வேறு ஒன்று. அந்தச் சிதறலைப் பார்த்தாலே அது புரியும்.

இன்னொரு சோதனையும் பண்ணுங்கள்: ஒவ்வொரு வருடத்துக்கும் எல்லா நாடுகளின் மடக்கைகளுக்கும் திட்ட விலக்கம் (எண்கள் எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவு) எடுத்து, அது வருடா வருடம் குறைகிறதா என்று பாருங்கள். முதல் சோதனையில் நெருக்கம் தெரிந்தாலும் இதில் குறையாமல் போகலாம், ஏனென்றால் பின்னால் இருந்தது முன்னால் போய், முன்னால் இருந்தது பின்னால் விழுந்தாலும் சாய்வு எதிர்க்குறியில்தான் வரும்.

ஆரம்ப வருடத்தை 1960, 1980, 1990, 2000 என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். இதற்குச் சோம்பல் படாதீர்கள், விடை இங்கேதான் புரளும். 1870 முதல் 1990 வரையிலான நீண்ட காலத்தில் மிகப் பணக்கார நாட்டுக்கும் மிக ஏழை நாட்டுக்கும் உள்ள விகிதம் சுமார் 5 மடங்கு பெரிதானது என்று 1997 இல் பொருளாதார நிபுணர் லான்ட் பிரிட்செட் காட்டினார். 1980களில் கடன் நெருக்கடியில் லத்தீன் அமெரிக்காவும் ஆப்பிரிக்காவும் தேங்கி நின்றன. 2000க்குப் பிறகு படம் மாறியது, சராசரியாக ஏழை நாடுகள் வேகமாக வளர ஆரம்பித்தன. 2021 இல் வந்த இரண்டு தனித்தனி ஆய்வுகள், ஒன்று மைக்கேல் கிரெமர் குழுவினுடையது, இன்னொன்று படேல், சாண்டஃபர், அரவிந்த் சுப்பிரமணியன் மூவருடையது, இந்தத் திருப்பத்தை எந்த நிபந்தனையும் சேர்க்காமலேயே, அதாவது படிப்பு, முதலீடு போன்ற வித்தியாசங்களைச் சரிக்கட்டாமலேயே, பார்க்க முடிகிறது என்றன.

'வருடத்துக்கு 2 சதவீத இடைவெளி குறையும்' என்று பாடப்புத்தகங்களில் ஒரு எண் வரும், அது பாரோ, சாலா இ மார்ட்டின் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்களின் ஆய்வுகளில் பிரபலமானது. அந்த வேகத்தில் பாதி இடைவெளி தீர 35 வருடம். ஆனால் படிப்பு, முதலீடு, அரசு நிர்வாகம் எல்லாம் ஒத்திருக்கும் நாடுகளுக்கு இடையில்தான் அந்த எண். சும்மா எல்லா நாட்டுக்கும் பொருத்திவிடாதீர்கள்.

கடைசியாக, மக்கள்தொகைக்கு எடை கொடுப்பதா வேண்டாமா. நாட்டுக்கு ஒரு ஓட்டு என்று எண்ணினால் மாலத்தீவும் இந்தியாவும் ஒன்று. ஆளுக்கு ஒரு ஓட்டு என்று எண்ணினால் சீனாவும் இந்தியாவும் வளர்ந்த ஒரே காரணத்தால் 1980களிலிருந்தே இடைவெளி குறைந்ததாகத் தெரியும். நாடுகளின் கொள்கையை எடை போட முதலாவது, மனிதர்களின் வாழ்க்கையை எடை போட இரண்டாவது.

வருமானம் முடிந்தது, இனி மனித மேம்பாடு

ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 1990 இலிருந்து வெளியிடும் மனித மேம்பாட்டுக் குறியீட்டை எடுப்பதற்கு முன்னால் அதை ஒரு முறை கையால் போட்டுப் பாருங்கள். இந்தியாவின் 2023 எண்கள்: ஆயுட்காலம் 72, எதிர்பார்க்கும் பள்ளி வருடங்கள் 13, சராசரி பள்ளி வருடங்கள் 6.9, தனிநபர் வருமானம் 9,047 டாலர். ஆயுளுக்கு 20 கீழ் எல்லை, 85 மேல் எல்லை, ஆக 52 ஐ 65 ஆல் வகுத்தால் 0.80. படிப்புக்கு 13 ஐ 18 ஆலும், 6.9 ஐ 15 ஆலும் வகுத்துச் சராசரி எடுத்தால் 0.59. வருமானத்துக்கு 100 டாலருக்கும் 75,000 டாலருக்கும் நடுவே மடக்கையில் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தால் 0.68. மூன்றையும் பெருக்கிக் கனமூலம் எடுங்கள், 0.685 வரும். அறிக்கையில் இருப்பதும் அதுதான், 193 நாடுகளில் 130வது இடம்.

இப்போது அந்த 0.68 ஐ மறுபடி பாருங்கள். 75,000 இல் 9,047 என்பது 12 சதவீதம்தான், ஆனால் குறியீட்டில் 68 சதவீத மதிப்பெண். மடக்கை வருமான இடைவெளியை அமுக்கிவிடுகிறது. அமுக்குவதற்கு நியாயம் உண்டு, ஏழைக்குக் கூடும் 1,000 டாலர் வாழ்க்கையையே மாற்றும், பணக்காரருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. ஆனால் நார்வேயின் 0.970 க்குப் பக்கத்தில் நம் 0.685 ஐ வைத்து முக்கால்வாசி வந்துவிட்டோம் என்று யாரும் எழுதக் கூடாது.

படிப்பில் இரண்டு எண்கள் எதற்கு என்று கேட்பார்கள். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலை பார்க்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மகன் ஐந்தாவது, மருமகள் எட்டாவது. பேத்தி சேலத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரி மூன்றாம் வருடம் படிக்கிறாள். 25 வயதுக்கு மேற்பட்டவர்களின் சராசரி அந்த வீட்டில் 4.3 வருடம், ஏனென்றால் பேத்தி அதில் இன்னும் சேரவில்லை. இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளை எத்தனை வருடம் படிக்கும் என்ற எண் மட்டும் 15. முதல் எண் நகர ஒரு தலைமுறை வேண்டும், இரண்டாவது இன்றைய பள்ளியும் பஸ்ஸும் விடுதியும் நன்றாக இருந்தால் சில வருடங்களிலேயே நகரும். நாடுகளை ஒப்பிடும்போது இரண்டையும் தனித்தனியாக வரைந்து பாருங்கள், கூட்டுக் குறியீட்டில் இது மறைந்துவிடும்.

உடல்நலத்தில் ஏழை நாடுகள் நெருங்கியிருப்பதைப் பார்த்தால் மனது நிறையும், இதை நான் ஒளிக்கப் போவதில்லை. 1990 இல் இந்தியாவில் பிறந்த 1,000 குழந்தைகளில் சுமார் 127 பேர் ஐந்து வயதுக்குள் இறந்தார்கள், இப்போது 30 க்கும் கீழே. அமெரிக்காவில் அதே காலத்தில் 11 இலிருந்து 6. கழித்துப் பார்த்தாலும் சரி, மடங்காகப் பார்த்தாலும் சரி, இடைவெளி சுருங்கியிருக்கிறது. தடுப்பூசிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலுக்கும் பணக்கார நாடாக வேண்டியதில்லை, ஊரில் ஒரு துணைச் சுகாதார நிலையமும் அதில் ஒரு செவிலியரும் இருந்தால் போதும். பள்ளியில் சோறு போடுவதற்கும் காமராஜர் 1956 இல் காத்திருக்கவில்லை, 1982 இல் எம்.ஜி.ஆர். அதை விரிவாக்கியபோதும் தமிழ்நாடு பணக்கார மாநிலம் இல்லை. இலங்கை பல பத்தாண்டுகளாகத் தன் வருமானத்துக்கு மீறிய ஆயுளைக் காட்டி வருகிறது. 2023 இல் வங்கதேசத்தின் வருமானம் நம்மைவிடக் கொஞ்சம் குறைவு, ஆயுள் அதிகம், குறியீடு நம்மோடு சமம்.

ஆனால் பின்னால் போவதும் உண்டு. எய்ட்ஸ் பரவிய காலத்தில் போட்ஸ்வானாவில் வருமானம் ஏறிக்கொண்டே ஆயுட்காலம் சரிந்தது. 2020, 2021 இரண்டு வருடமும் தொடர்ந்து உலகக் குறியீடே இறங்கியது, அதுவரை அப்படி நடந்ததில்லை. 20 வருடமாகக் குறைந்து வந்த மேல்நிலை, கீழ்நிலை நாடுகளின் இடைவெளி அதன் பிறகு கூட ஆரம்பித்திருக்கிறது என்று ஐ.நா. அறிக்கையே சொல்கிறது. அதனால்தான் கடைசி வருடத்தையும் மாற்றிப் போடச் சொன்னேன்.

மேலே முட்டும் எண்களில் கவனம்

இதைச் சேலத்து எண்களிலேயே காட்டுகிறேன். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சேலம் மாவட்டத்தின் எழுத்தறிவு 2001 இல் 65 சதவீதம், 2011 இல் 73. கன்னியாகுமரி 87.5 இலிருந்து சுமார் 92. சேலம் 8 புள்ளி ஏறியது, கன்னியாகுமரி நாலரைக்கும் குறைவாகத்தான் ஏறியது, ஆக நாம் நெருங்கிவிட்டோம். சரி, இப்போது எழுதப் படிக்கத் தெரியாதவர்களை எண்ணுங்கள். சேலத்தில் 35 இலிருந்து 27, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் குறைந்தது. கன்னியாகுமரியில் 12.5 இலிருந்து 8 சொச்சம், மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இந்தக் கணக்கில் முன்னால் இருந்த கன்னியாகுமரிதான் வேகம், நாம் பின்தங்கியிருக்கிறோம்.

100 ஐத் தாண்ட முடியாத எந்த எண்ணிலும் இது நடக்கும். முன்னால் இருப்பவர் கூரையில் முட்டி நிற்க, பின்னால் இருப்பவர் தானாக நெருங்கியது போலத் தெரியும். எழுத்தறிவு, பள்ளிச் சேர்க்கை, மனித மேம்பாட்டுக் குறியீடு எல்லாவற்றுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. அதனால் எட்டியது எவ்வளவு என்பதோடு மிச்சம் இருப்பது எவ்வளவு என்பதையும் போடுங்கள். இரண்டிலும் ஒரே விடை வந்தால் தைரியமாக எழுதலாம். குழந்தை இறப்பில் அப்படி வருகிறது, சேலத்து எழுத்தறிவில் வரவில்லை.

மாவட்டக் கணக்கைத் தொடர நினைப்பவர்கள் எல்லைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1997 இல்தான் நாமக்கல் பிரிந்தது, ஆகவே 1991 அறிக்கையின் சேலம் வேறு, 2001 சேலம் வேறு. கிருஷ்ணகிரி 2004 இல் பிரிந்ததால் 2001 இன் தருமபுரி எண்ணுக்குள் கிருஷ்ணகிரியும் இருக்கிறது. நாடுகளிலும் இதே தொல்லைதான்: சோவியத் யூனியன் 1991 இல் உடைந்தது, தெற்கு சூடான் 2011 இல் பிரிந்தது. 2027 கணக்கெடுப்பு எண்கள் வரும்போது சேர்க்க ஒரு பத்தியை இப்போதே காலியாக விட்டுவையுங்கள். 2011 இல் 32 மாவட்டங்கள், இப்போது 38, ஆகவே கள்ளக்குறிச்சியை விழுப்புரத்தோடும், தென்காசியை திருநெல்வேலியோடும் சேர்த்துக் கூட்டிய பிறகுதான் 2011 உடன் ஒப்பிட முடியும். ஏற்காடு வட்டத்தைத் தனியாகப் பார்க்க விரும்பினால் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேட்டில் வட்டவாரி அட்டவணை இருக்கிறது, அதில் ஆண் பெண் எழுத்தறிவு தனித்தனியாகவே கொடுத்திருப்பார்கள். பெண்கள் பத்தியை முதலில் எடுங்கள்.